தெருவுல ஓடுற வாய்க்கால், ஞாயிறு பூட்டுற கடைகள்... ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்துல அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

ஃப்ரைபுர்க் நகரத்தோட பழைய தெருக்கள்ல போனைப் பார்த்துக்கிட்டே நடந்தீங்கன்னா, பத்து நிமிஷத்துல உங்க ஷூ நனைஞ்சிருக்கும். மழையால இல்ல. நடக்குற வழியை ஒட்டி, ஒரு முழம் அகலத்துக்குக் குட்டி வாய்க்கால் ஓடிக்கிட்டிருக்கும். மேல மூடி கிடையாது, பக்கத்துல கம்பி கிடையாது, எச்சரிக்கை போர்டும் பெரும்பாலும் கிடையாது. ஊர்க்காரங்க அதைப் 'பெஹ்லெ'ன்னு சொல்றாங்க. குட்டி ஓடைன்னு அர்த்தம். தெரியாம அதுல காலை விட்டுட்டா, இந்த ஊர் ஆளைத்தான் கல்யாணம் பண்ணிப்பீங்கன்னு ஒரு நம்பிக்கை. வேணும்னே காலை வெச்சா கணக்குல வராதாம்!

சாக்கடையா இருக்குமோன்னு நினைக்க வேணாம். ட்ரைசாம் ஆத்துலேருந்து வர்ற சுத்தமான தண்ணி அது. 13-ம் நூற்றாண்டு ஆவணங்கள்லயே இந்த வாய்க்கால்கள் பத்தின குறிப்பு இருக்கு. தீப்பிடிச்சா அணைக்கவும், ஆடு மாடு குடிக்கவும் வெட்டினது. இன்னைக்கு மொத்தமா சுமார் 15 கிலோமீட்டர் நீளம், அதுல ஒரு பகுதி பூமிக்கு அடியில. இதைச் சுத்தம் பண்றதுக்குன்னே நகராட்சியில ஆள் இருக்காங்க. குழந்தைங்க கயிறு கட்டின மரப்படகை இதுல இழுத்துக்கிட்டு ஓடுவாங்க. பெரியவங்க கோடைக்காலத்துல ஷூவைக் கழட்டிட்டு காலை நனைச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. 

ஐரோப்பான்னதும் நமக்கு பாரிஸ், லண்டன், ரோம்தான் மனசுக்கு வரும். ரீல்ஸ்ல வர்றதும் அதுதான். ஆனா படிப்புக்கோ வேலைக்கோ போற நிறைய பேர் போய் இறங்குறது இந்த மாதிரி நடுத்தர ஊர்கள்லதான். அங்க ஈஃபிள் டவர் இருக்காது. திங்கள்கிழமை குப்பையை எந்தப் பையில போடுறது, ஞாயிற்றுக்கிழமை அரிசி தீர்ந்துட்டா என்ன பண்றதுங்கிற கேள்விகள்தான் இருக்கும். அப்படி ஓர் ஊர்ல ஒரு நாள் எப்படிப் போகும்னு தெரிஞ்சுக்கத்தான் ஃப்ரைபுர்க்.

எங்கே இருக்கு இந்த ஊர்?

ஜெர்மனியோட தென்மேற்கு மூலை. ஒரு பக்கம் பிரான்ஸ், இன்னொரு பக்கம் சுவிட்சர்லாந்து. முதுகுக்குப் பின்னால பிளாக் ஃபாரஸ்ட் மலைகள். ஆமா, நம்ம பேக்கரி கேக்குக்குப் பேர் கொடுத்த அதே காடுதான். (அங்கே கிடைக்கிற அசல் கேக்ல செர்ரிப் பழத்துல காய்ச்சின சாராயம் சேர்ப்பாங்க. சாப்பிடாதவங்க கேட்டுட்டு வாங்குங்க.) மக்கள்தொகை சுமார் 2.3 லட்சம். 1457-ல தொடங்கின பல்கலைக்கழகம் ஊரோட நடுவுலயே இருக்கு. அதனால தெருவுல எந்தப் பக்கம் பார்த்தாலும் முதுகுல பையோட ஸ்டூடன்ட்ஸ். ஜெர்மனியில அதிகம் வெயில் அடிக்கிற ஊர்கள்ல இதுவும் ஒண்ணு. ஊர் எல்லைக்குள்ளேயே திராட்சைத் தோட்டம் இருக்கு.

டிக்கெட் புக் பண்ணும்போது மட்டும் கவனம். சுவிட்சர்லாந்துல ஒரு ஃப்ரிபூர் இருக்கு, அதையும் ஜெர்மன்ல ஃப்ரைபுர்க்னுதான் சொல்வாங்க. ஜெர்மனியோட கிழக்குல ஃப்ரைபெர்க்னு இன்னொண்ணு. நீங்க தேடவேண்டியது 'ஃப்ரைபுர்க் இம் ப்ரைஸ்காவ்'. ஓர் எழுத்து மாறினா நாட்டோட இன்னொரு மூலையில போய் இறங்குவீங்க.

காலையில சந்தை

ஊரோட நடுநாயகம் 'மியூன்ஸ்டர்'னு சொல்ற தேவாலயம். 116 மீட்டர் உயரக் கோபுரம், 1330 வாக்குல கட்டி முடிச்சது. அதோட காலடியில ஞாயிறு தவிர எல்லா நாளும் காலையிலேருந்து மதியம் வரை சந்தை. வடக்குப் பக்கம் சுத்துவட்டார விவசாயிகள் அவங்க விளைவிச்சதைக் கொண்டு வந்து விற்பாங்க. தெற்குப் பக்கம் வியாபாரிகள். ஏப்ரல், மே மாசம் வெள்ளை அஸ்பாரகஸ், ஜூன்ல செர்ரி, அக்டோபர்ல பூசணின்னு எந்த மாசம் எதுன்னு ஒரு கணக்கு இருக்கும். அஸ்பாரகஸ் சீசன்ல ஊரே வேற எதையும் சாப்பிடாத மாதிரி நடந்துக்கும்.

கோயில் வாசல் சுவரைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. ரொட்டி எவ்வளவு பெருசா இருக்கணும், தானியம் அளக்குற மரக்கால் எவ்வளவு, செங்கல் என்ன அளவுன்னு கல்லுலயே செதுக்கி வெச்சிருப்பாங்க. 1270, 1317, 1320-ன்னு வருஷமும் போட்டிருக்கும். கடைக்காரர் ஏமாத்திட்டார்னு சந்தேகம் வந்தா, வாங்கின ரொட்டியைக் கொண்டு வந்து சுவர்ல வெச்சுப் பார்த்துக்கலாம்! அந்தக் காலத்து கன்ஸ்யூமர் கோர்ட். 

சந்தையில இருக்குற வண்டிக்கடைகள்ல 'லாங்க ரோட்ட'ன்னு 35 சென்டிமீட்டர் நீள சாசேஜ் விற்பாங்க. சின்ன பன்னுக்குள்ள மடிச்சோ மடிக்காமலோ கொடுப்பாங்க. வெங்காயம் வேணுமா வேண்டாமாங்கிறதுதான் அங்கே கேட்கிற ஒரே கேள்வி, ஊர்க்காரங்க அதுல ரெண்டு கட்சி. பன்றி இறைச்சி வேண்டாம்னா கவலைப்படாதீங்க. ஜெர்மனி முழுக்க டோஃபு சப்ளை பண்ற ஒரு கம்பெனி இந்த ஊர்லதான் இருக்கு. சைவம் சாப்பிடறவங்களை விநோதமா பார்க்காத ஊர் இது.

காபிக்கும் ஒரு கப் கதை இருக்கு. 2016-ல 'ஃப்ரைபுர்க் கப்'னு ஒரு பிளாஸ்டிக் கப்பைக் கொண்டு வந்தாங்க. ஒரு யூரோ டெபாசிட் கட்டி எடுத்துக்கிட்டுப் போய், திட்டத்துல சேர்ந்த எந்தக் கடையிலயும் திருப்பிக் கொடுக்கலாம்னு ஏற்பாடு பண்ணினாங்க. பாட்டிலுக்கும் அதே கதைதான். தூக்கிப் போடுற பிளாஸ்டிக் பாட்டில், கேன் ஒவ்வொண்ணுக்கும் 25 சென்ட் கூடுதலா வாங்குவாங்க. காலி பாட்டிலை சூப்பர் மார்க்கெட் மெஷின்ல போட்டா ரசீது வரும், பில்லுல கழிச்சுக்கலாம். பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். பூங்காவுல காலி பாட்டிலைக் குப்பைத் தொட்டிக்குள்ள போடாம பக்கத்துல நிக்க வெச்சுட்டுப் போவாங்க. அதைச் சேகரிச்சுப் பொழைக்கிறவங்க கையை உள்ள விட வேண்டாமேன்னு. பணக்கார நாட்டுலயும் பாட்டில் பொறுக்குற முதியவங்களைப் பார்ப்பீங்க. அதுவும் இந்த ஊர்க் காட்சிதான்.

கார் இருந்தா கஷ்டம்

1960-கள்ல ஐரோப்பாவோட பல நகரங்கள் ட்ராம் தண்டவாளத்தைப் பிடுங்கிப் போட்டுட்டு கார்களுக்கு ரோடு போட்டுச்சு. ஃப்ரைபுர்க் ட்ராமை வெச்சுக்கிட்டதோட, அதுக்கப்புறம் நீட்டிக்கவும் செஞ்சது. 1973-ல பழைய நகரத்தோட பெரும்பகுதியை நடக்குறவங்களுக்கு மட்டும்னு ஒதுக்கினாங்க. அப்ப வியாபாரிகள் எல்லாரும் கைத்தட்டினாங்கன்னு நினைக்காதீங்க, எந்த ஊர்லயும் அது நடக்காது. இன்னைக்கு ஊருக்குள்ள நடக்குற பயணங்கள்ல சுமார் மூணுல ஒரு பங்கு சைக்கிள்லதான்.

ட்ரைசாம் ஆத்தங்கரையோரமா ஒரு சைக்கிள் பாதை போகுது. பாலங்களுக்கு அடியில நுழைஞ்சு போறதால சிக்னலே கிடையாது. காலையில எட்டு மணிக்கு அதுல போனா நெடுஞ்சாலை மாதிரி இருக்கும். குழந்தையை முன்பெட்டியில உட்கார வெச்ச அம்மா, கோட்டு போட்ட ஆபீஸர், எழுபது வயசுப் பாட்டி, எல்லாரும் ஒரே வேகத்துல. மெதுவா போனா பின்னாடி மணி அடிக்கும். ஃப்ரைபுர்க் கால்பந்து அணியோட கோச்சா 2011 கடைசியிலேருந்து 2024 வரை இருந்த கிறிஸ்டியான் ஷ்ட்ரைக்கே சைக்கிள்ல வேலைக்குப் போறவர்னு பேர் வாங்கினவர்தான்.

ஆனா சைக்கிள்தானேன்னு அலட்சியமா இருக்க முடியாது. இருட்டுன பிறகு லைட் இல்லாம ஓட்டினா ஃபைன். ஓட்டிக்கிட்டே போனைக் கையில எடுத்தா 55 யூரோ. ட்ராம்ல கேட், கண்டக்டர் யாரும் கிடையாது, ஏறி உட்கார்ந்துக்கலாம். ஆனா சாதாரண டிரஸ்ல வர்ற செக்கர் திடீர்னு எழுந்து நின்னு டிக்கெட் கேட்பார். இல்லேன்னா 60 யூரோ. 'மெஷின் வேலை செய்யல, இப்பதான் வந்தேன்' கதை எல்லாம் அவர் நிறைய கேட்டிருப்பார். நாடு முழுக்க ட்ராம், பஸ், உள்ளூர் ரயில் எல்லாத்துக்கும் செல்லுற ஒரே மாதாந்திர பாஸ் இருக்கு. 2023 மே மாசம் 49 யூரோவுல ஆரம்பிச்சது, 2025-ல 58 ஆச்சு, 2026 ஜனவரியிலேருந்து 63.

ஊரோட தெற்குல 'வோபான்'னு ஒரு குடியிருப்பு. முன்னாடி பிரெஞ்சு ராணுவ முகாம். 1992-ல படை காலி பண்ணிட்டுப் போனதும் அங்கே என்ன கட்டலாம்னு ஊர்க்காரங்களே உட்கார்ந்து பேசித் திட்டம் போட்டாங்க. இப்ப சுமார் 5,500 பேர் இருக்காங்க. பெரும்பாலான தெருக்கள்ல வீட்டு வாசல்ல கார் நிறுத்த முடியாது. கார் வெச்சிருக்கிறவங்க ஓரத்துல இருக்குற பார்க்கிங் கட்டடத்துல ஆயிரக்கணக்கான யூரோ கொடுத்து இடம் வாங்கணும். கார் இல்லாதவங்க இல்லேன்னு எழுதிக் கொடுக்கணும். தெருவுல சாக்பீஸ் கோலம்... மன்னிக்கணும், குழந்தைங்க வரைஞ்ச டைனோசர். பக்கத்துலயே தங்களுக்குத் தேவையானதைவிட அதிகமா மின்சாரம் தயாரிக்கிற சோலார் வீடுகள்.

இந்தப் பச்சை மோகம் எங்கேயிருந்து வந்ததுன்னு கேட்டா, ஊர்க்காரங்க 'வீல்'னு ஒரு கிராமத்தோட பேரைச் சொல்வாங்க. ஃப்ரைபுர்க்குக்கு வடமேற்குல, ரைன் ஆத்தங்கரையில. 1970-கள்ல அங்கே அணுமின் நிலையம் கட்ட அரசு முடிவு பண்ணுச்சு. திராட்சை விவசாயிகளும் ஃப்ரைபுர்க் மாணவர்களும் சேர்ந்து 1975 பிப்ரவரியில அந்த இடத்தையே ஆக்கிரமிச்சு உட்கார்ந்துட்டாங்க. கடைசிவரை அங்கே உலை வரவே இல்ல. பாட்டியும் பேரனும் ஒரே போராட்டத்துல கலந்துக்கிட்ட ஊர்ல, குப்பை பிரிக்கிறதுல கறார் இருக்கத்தானே செய்யும்!

குப்பை விஷயத்தையும் சொல்லிடறேன். காகிதம் தனி, காய்கறித் தோல் தனி, பிளாஸ்டிக்கும் டின்னும் மஞ்சள் பையில, மிச்சம் தனி. கண்ணாடியைத் தெரு முனையில இருக்குற பெட்டியில வெள்ளை, பச்சை, பழுப்புன்னு நிறம் பிரிச்சுப் போடணும். அதையும் ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது, சத்தம் கேட்குமாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

முதல் தடவை போறவங்க எல்லாரும் மாட்டிக்கிற இடம் இதுதான். சனிக்கிழமை ராத்திரி கடை பூட்டினா திங்கள் காலைதான். சூப்பர் மார்க்கெட், துணிக்கடை, ஹார்டுவேர் கடை, எதுவும் கிடையாது. இது ஏதோ பழக்கம் இல்ல, சட்டம். ஞாயிறு ஓய்வு நாள்னு 1919-ம் வருஷ அரசியலமைப்புல எழுதினதை, இன்னைக்கு இருக்குற அரசியலமைப்பும் அப்படியே எடுத்துக்கிட்டிருக்கு. பேக்கரி சில மணி நேரம் திறந்திருக்கும். ரயில்வே ஸ்டேஷன் கடை, பெட்ரோல் பங்க் உண்டு, விலை கூட. மருந்துக்கடையில மட்டும் முறை வெச்சு ஒண்ணு திறந்திருக்கும். எதுன்னு மத்த மருந்துக்கடைக் கதவுல எழுதி ஒட்டியிருப்பாங்க. உயிருக்கு ஆபத்து இல்லாத உடம்பு சரியில்லேன்னா 116117, அவசரம்னா 112. ரெண்டையும் போன்ல சேவ் பண்ணிட்டு அப்புறம் போட்டோ எடுங்க.

ஞாயிறன்னைக்கு சுவர்ல டிரில் போடக் கூடாது, புல் வெட்டுற மெஷின் ஓட்டக் கூடாது. மத்த நாள்லயும் ராத்திரி 10 மணிக்கு மேல சத்தம் கூடாது. நம்ம ஆளுங்களுக்கு ராத்திரி 10 மணி மிக்ஸி ஒரு விஷயமே இல்ல. அங்கே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். இல்லேன்னா மறுநாள் லிஃப்ட் பக்கத்துல அழகான கையெழுத்துல ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். நேர்ல பார்க்கும்போது அவரே சிரிச்சுக்கிட்டு வணக்கமும் சொல்வார்.

அப்ப அன்னைக்கு முழுக்க என்னதான் பண்றாங்க? நடக்குறாங்க. ட்ராம் 2-ல கடைசி ஸ்டாப் போய், அங்கேயிருந்து ஒரு பஸ் பிடிச்சா ஷாவின்ஸ்லாண்ட் மலை அடிவாரம். 1930-லேருந்து ஓடுற ரோப் கார் 3.6 கிலோமீட்டர் தூரம் மேல கூட்டிக்கிட்டுப் போகும். மலை உயரம் 1,284 மீட்டர். குளிர்காலத்துல கீழே ஊர் முழுக்க பனிமூட்டமா இருக்க, மேலே சுள்ளுன்னு வெயில் அடிக்கிற நாள்கள் உண்டு. நடந்து முடிச்சதும் கேக், காபி. குடும்பம் குடும்பமா வருவாங்க.

தனியா இருக்கிறவங்களுக்கு அந்த ஞாயிறு அவ்வளவு சுலபம் இல்ல. டிசம்பர்ல சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிடும். கடை இல்ல, தெருவுல ஆள் இல்ல, ஊருக்கு வீடியோ கால் பண்ணினா அங்கே ராத்திரி ஒன்பது மணி, எல்லாரும் டி.வி முன்னாடி. ஜெர்மன்காரங்க நட்பா பழக மாட்டாங்கன்னு சொல்றது பொய். ஆனா 'சும்மா வந்தேன்'னு கதவைத் தட்ட முடியாது. 'ஒரு காபி குடிக்கலாமா'ன்னு கேட்டா, காலண்டரைத் திறந்து 'அடுத்த வாரத்துக்கு அடுத்த வியாழன் ஆறு மணி'ன்னு சொல்வாங்க. சொன்னா சொன்னபடி ஆறு மணிக்கு வருவாங்க. அங்கே ஆட்களோட பழகுறதுக்கு வழி 'ஃபெராயின்'னு சொல்ற கிளப்கள்தான். பாட்டுக்குழு, மலையேற்றம், செஸ், தோட்டம், கைப்பந்து, எதுக்கும் ஒண்ணு இருக்கும். மொழி திக்கினாலும் பந்து போடத் தெரிஞ்சா போதும். வந்த முதல் மாசத்துலயே ஒண்ணுல சேர்ந்துடுங்க, ரெண்டாவது குளிர்காலம் வரை தள்ளிப் போடாதீங்க.

மொழியில நமக்கு ஒரு சின்ன வசதி. ஜெர்மன்ல 'டூ', 'ஸீ'ன்னு ரெண்டு இருக்கு, நம்ம நீ, நீங்க மாதிரியே. கடைக்காரர், அதிகாரி, பக்கத்து வீட்டுப் பெரியவர்னா 'ஸீ'. கூடப் படிக்கிறவங்கன்னா முதல் நிமிஷத்துலயே 'டூ'. எப்ப எதுக்கு மாறணும்கிற கூச்சம் நமக்குப் புதுசு இல்ல. ஆனா ஊர்க்காரங்க பேசுற அலமானிய வழக்கு, கிளாஸ்ல கத்துக்கிட்ட ஜெர்மனுக்கு ஒத்தே வராது. முதல்ல பதறாதீங்க, வடக்கு ஜெர்மன்காரங்களே திணறுவாங்க.

வீடு கிடைக்குமா?

நேர்மையா சொன்னா, இந்த ஊரோட பெரிய பிரச்னை இதுதான். எல்லாருக்கும் பிடிச்ச ஊர், மலைக்கும் வயலுக்கும் நடுவுல விரிய இடம் கம்மி, ஸ்டூடன்ட்ஸ் அதிகம். அதனால ஜெர்மனியில வாடகை எகிறுற ஊர்கள் லிஸ்ட்ல இதுவும் இருக்கு. மாணவர் விடுதிக்கு வெயிட்டிங் லிஸ்ட். அட்மிஷன் லெட்டர் வந்த அன்னைக்கே அதுல பேரைக் கொடுத்துடணும். அது கிடைக்கலேன்னா 'வேகே'ன்னு சொல்ற பகிர்ந்து வாழுற வீடு. மூணு நாலு பேர், ஆளுக்கு ஒரு ரூம், சமையலறை பொது. ரூம் வாடகை பெரும்பாலும் 400-லேருந்து 600 யூரோ.

அந்த வீட்டுல இருக்கிறவங்க உங்களைக் கூப்பிட்டு சமையலறையில உட்கார வெச்சு டீ கொடுத்துப் பேசுவாங்க. பொண்ணு பார்க்குற மாதிரியேதான். 'நீ சமைப்பியா, பாத்திரம் கழுவுவியா, காலையில சீக்கிரம் எழுந்திருப்பியா?' எல்லாக் கேள்வியும் வரும். பிறகு 'உன்னை ரொம்பப் பிடிச்சிருந்தது, ஆனா...'ன்னு மெசேஜ் வரும். பத்து இடத்துல இப்படி வந்தா மனசு விட்டுடாதீங்க, ஜெர்மன் மாணவர்களுக்கும் இதே கதைதான்.

ரெண்டு வார்த்தை தெரிஞ்சிருக்கணும். 'குளிர் வாடகை'ன்னா வெறும் இடத்துக்கு. 'சூடான வாடகை'ன்னா ஹீட்டர், தண்ணி செலவெல்லாம் சேர்த்து. விளம்பரத்துல எதைப் போட்டிருக்காங்கன்னு பார்க்காம சந்தோஷப்பட வேண்டாம். அட்வான்ஸ் குளிர் வாடகையில மூணு மாசத்துக்கு மேல கேட்க சட்டம் அனுமதிக்கல. தனி வீடு எடுத்தா உள்ளே சமையல் மேடையே இல்லாம இருக்கலாம், அதை முன்னாடி இருந்தவர் கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிருப்பார்! வீட்டைப் பார்க்குறதுக்கு முன்னாடி, சாவியை கூரியர்ல அனுப்புறேன், பணம் போடுன்னு யாராவது மெயில் போட்டா அது மோசடி. வெளிநாட்டு மாணவர்களைக் குறிவெச்சே இது நடக்குது.

குடிவந்து 2 வாரத்துக்குள்ள நகராட்சி அலுவலகத்துல முகவரியைப் பதிவு பண்ணணும். வீட்டுக்காரர் கையெழுத்து போட்ட படிவம் இல்லாம அது நடக்காது. 'பதிவு மட்டும் பண்ணிக்காத'ன்னு சொல்ற வீட்டை அதனாலதான் எடுக்கக் கூடாது. பதிஞ்ச கையோட மாசம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணத்துக்கு லெட்டர் வரும். 'எங்கிட்ட டி.வி-யே இல்ல'ன்னு சொன்னா எடுபடாது. ஒரு வீட்டுக்கு ஒரு தடவை கட்டினா போதும், கூட இருக்கிறவங்களோட பங்கு போட்டுக்கலாம்.

படிக்கப் போறவங்களுக்கு இன்னொரு கணக்கு. 'ஜெர்மனியில படிப்பு ஃப்ரீ'ன்னு யூடியூப்ல சொல்வாங்க. ஃப்ரைபுர்க் இருக்குற பாடன் வ்யூர்டெம்பர்க் மாநிலத்துல, ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலேருந்து வர்றவங்க 2017 குளிர்கால செமஸ்டர்லேருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணும். விசாவுக்கு, ஒரு வருஷச் செலவுக்கான 11,904 யூரோவை முன்கூட்டியே முடக்கப்பட்ட கணக்குல போட்டுக் காட்டணும். மாசம் 992 யூரோ வீதம்தான் அதுலேருந்து எடுக்க முடியும். அதுல வாடகை, மாணவர் மருத்துவக் காப்பீடு போனா மிச்சம் எவ்வளவுன்னு நீங்களே கழிச்சுப் பார்த்துக்கங்க. வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம். குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரியிலேருந்து மணிக்கு 13.90 யூரோ. பார்ட் டைம் வேலை கைச்செலவுக்கு ஆகும், அதை நம்பிக் கடன் வாங்கிடாதீங்க.

சாப்பாட்டுக்கு அரிசி, பருப்பு ஏசியன் கடைகள்ல கிடைக்கும். ஸ்விஸ் நகரமான பேசல் ரயில்ல ஒரு மணி நேரத்துக்குள்ளதான். ஈழத்தமிழர்கள் நிறைய வாழுற நாடு அது. எல்லை தாண்டுறதுன்னா பாஸ்போர்ட்டும் தங்கும் அனுமதி அட்டையும் கையில இருக்கணும், விலைவாசியைப் பார்த்து மயங்காம இருக்க மனசும் வேணும்.

தண்ணிக்குள்ள ஒரு கோயில்

யுனிவர்சிட்டி லைப்ரரிக்கு எதிர்ல பெரிய மைதானம் மாதிரி ஒரு சதுக்கம். அதோட நடுவுல கணுக்கால் அளவுகூட இல்லாத தண்ணித் தொட்டி, கறுப்புக் கல்லுல. 2017 ஆகஸ்ட்ல இதைத் திறந்தப்போ நல்ல வெயில். குழந்தைங்க இறங்கி ஓடியாடினாங்க, ஸ்டூடன்ட்ஸ் காலை நனைச்சுக்கிட்டு பீட்சா சாப்பிட்டாங்க. அப்பதான் பிரச்னை ஆரம்பிச்சது. ஏன்னா அது விளையாடுற தொட்டி இல்ல. 1938 நவம்பர் 9 ராத்திரி நாஜிக்கள் எரிச்ச யூதர்களோட ஜெபக்கூடம் நின்ன இடம். தொட்டியோட வடிவம் அந்தக் கட்டடத்தோட அடித்தள வடிவம்.

யூத சமூகத்தைச் சேர்ந்தவங்க மனசு புண்பட்டுச்சு. நகராட்சி அறிவிப்புப் பலகை வெச்சது. 'குழந்தைங்க சிரிக்கிறது தப்பா'ன்னு ஒரு தரப்பு, 'சமாதி மேல குளிப்பீங்களா'ன்னு இன்னொரு தரப்பு. ரெண்டுலயும் நியாயம் இருக்கு. ஆனா தண்ணியைப் பார்த்த குழந்தைக்கு வரலாறு தெரியாதுங்கிறது, அதை அங்கே வடிவமைச்சவங்களுக்குத் தோணியிருக்கணும்கிறதுதான் என் அபிப்பிராயம்.

இந்த மாதிரி இடங்கள் ஊர் முழுக்க இருக்கு. நடைபாதையில பித்தளைத் தகடு பதிச்ச சின்னக் கற்கள் மின்னும். அந்த வீட்டுலேருந்து கொண்டு போகப்பட்டவரோட பேரும் வருஷமும் அதுல இருக்கும். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துல சைக்கிள்களும் நடக்குறவங்களும் போற நீலப் பாலத்துல, யாரோ மறந்துட்டுப் போன மாதிரி வெண்கலத்துல ஒரு கோட்டு. 1940 அக்டோபர் 22 அன்னைக்கு இந்த ஊர் யூதர்களை ரயில்ல ஏத்தி பிரான்ஸ்ல இருந்த குர்ஸ் முகாமுக்கு அனுப்பினதோட ஞாபகம். அதே பாலத்தோட இரும்பு வளைவுகள் மேல ஏறி உட்கார்ந்துதான் ஸ்டூடன்ட்ஸ் சாயங்கால சூரியனைப் பார்ப்பாங்க.

நகரப் பூங்காவுல ஒரு வாத்துக்குச் சிலை இருக்கு. 1944 நவம்பர் 27 ராத்திரி பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட வர்றதுக்கு முன்னாடி, அந்த வாத்து போட்ட கூச்சலைக் கேட்டுப் பல பேர் பதுங்கு குழிக்கு ஓடித் தப்பிச்சாங்கன்னு கதை. சுமார் 20 நிமிஷத்துல பழைய நகரம் தரைமட்டம். ஏறக்குறைய 2,800 பேர் செத்தாங்க. கோபுரம் மட்டும் நின்னுச்சு. போருக்கப்புறம் அகல ரோடு போட்டு நவீனமா கட்டாம, பழைய தெருக்களோட அமைப்புலயே திரும்பக் கட்டினாங்க. நீங்க இன்ஸ்டாவுல போடுற அந்தப் பழங்காலத் தெருவுல நிறைய கட்டடம் உங்க தாத்தாவைவிட இளையது. கோபுரத்துல இருக்குற 1258-ம் வருஷத்து 'ஹொசான்னா' மணியை ஒவ்வொரு நவம்பர் 27 சாயங்காலமும் அடிப்பாங்க.

சாயங்காலம்

ஆபீஸ் நேரம் முடிஞ்சா 'ஃபையரபெண்ட்'. அதுக்கப்புறம் வேலை மெயிலுக்குப் பதில் எதிர்பார்க்காதீங்க. ஜூன், ஜூலையில ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். ஆத்தங்கரையில அடுப்பு மூட்டி சுட்டுச் சாப்பிடறவங்க, கிடார் வெச்சிருக்கிறவங்க, பரீட்சைக்குப் படிக்கிறவங்க எல்லாரும் ஒரே புல்வெளியில. ஜூலையில கோபுரத்தைச் சுத்தி ஒயின் திருவிழா, இலையுதிர்காலத்துல புளிச்சும் புளிக்காத புது ஒயினும் வெங்காய கேக்கும், டிசம்பர்ல கிறிஸ்துமஸ் சந்தை, பிப்ரவரி வாக்குல முகமூடி போட்ட கோமாளிகள் ஊர்வலம்.

கோடை வெயில் இங்கே நிஜமாவே சுடும், வீடுகள்ல ஏ.சி பெரும்பாலும் இருக்காது. பகல் முழுக்க ஜன்னல் ஷட்டரை இறக்கி வெச்சு வெயிலை வெளியே நிறுத்தணும். பொழுது சாய்ஞ்சதும் கிழக்கே மலைக்கு நடுவுல இருக்குற 'நரகப் பள்ளத்தாக்கு'லேருந்து குளுகுளுன்னு ஒரு காத்து ஊருக்குள்ள இறங்கும். பேர்தான் அப்படி! 'ஹொல்லென்டாலர்'னு அந்தக் காத்துக்குத் தனிப் பேரே இருக்கு. அது வர்ற நேரத்துல ஜன்னலை எல்லாம் திறந்து வெச்சுடுங்க. 10 மணிக்கு மேல உங்க பாட்டுச் சத்தம் மட்டும் அது வழியா வெளியே போகாம பார்த்துக்கங்க.